‘கோ அண்ட் கம்’ சொன்னால் என்ன குடி முழுகிப்போச்சு?

ரெண்டு நாளாக யார் பக்கத்தைத் திறந்தாலும் அந்த வீடியோதான். நான் அதைப் பகிரப் போவதில்லை. பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை நடந்த இலவச ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்சி, மேடையிலிருந்து இறங்கும்போது ஒரு பிள்ளை சொன்ன “ஐ வில் கோ அண்ட் கம் சார்”, அதற்குப் பயிற்சியாளர் மைக்கில் கேட்ட “கோ வேர்? கம் ஒய்?”, அரங்கம் முழுக்கச் சிரிப்பு. எல்லாம் பார்த்திருப்பீர்கள். கூடவே ஒரு உபதேசம்: “தமிழ்ல யோசிக்கிறதாலதான் இந்த வினை. மண்டையில இருக்கிற தமிழை இன்னைக்கே டெலிட் பண்ணுங்க. திங்க் இன் இங்கிலீஷ்!”

மகளைக் கூட்டிக்கொண்டு நானும் அந்த அரங்கத்தில்தான் இருந்தேன். அதனால் ‘வீடியோவை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்’ என்று சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்திலேயே யோசித்துப் பேசுவதுதான் நல்லது. அதை நான் மறுக்கவே இல்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வந்து நிற்கும். மனசுக்குள் தமிழ் வாக்கியத்தைக் கடைசிவரை கட்டி, அப்புறம் அதைப் பிரித்து ஆங்கிலத்தில் அடுக்குவதற்குள் எதிராளி அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். ‘எனக்குப் பசிக்குது’ என்பதில் ‘நான்’ எங்கே இருக்கிறது? ‘நீ எத்தனையாவது பிள்ளை?’ என்பதில் வரும் ‘எத்தனையாவது’க்கு ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை சொல்லுங்கள், பார்ப்போம். மொழிபெயர்த்துக்கொண்டே பேசினால் மூச்சு முட்டும். சரி. ஆனால் ‘யோசி’ என்று ஆணை போட்டால் அது வந்துவிடுமா? கேட்டுக் கேட்டு, புழங்கிப் புழங்கி, பைய வருவதல்லவா அது!

என் கதையைச் சொல்கிறேன். சேரன்மகாதேவியில் தமிழ் வழியில் படித்தவன் நான். 1998-ல் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சேர்ந்தேன். முதல் மாசம் போன் மணி அடித்தாலே கக்கூஸுக்குப் போய்விடுவேன். மறுமுனையில் கேப்டன் பேசுவது ஒரு எழவும் புரியாது. ஆனால் அங்கே யாரும் என்னை ‘திங்க் இன் இங்கிலீஷ்’ என்று படுத்தவில்லை. “ஏல, போனை எடுத்துக் காதுல வையி, மத்தது தானா வரும்” என்றார் சீனியர் அண்ணாச்சி. தினமும் ‘பைலட் ஆன் போர்டு’ (கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவருகிறவர் ஏறிவிட்டார்) என்று கேட்டேன், எழுதினேன், சொன்னேன். அதைத் தமிழில் என்ன சொல்வது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. தமிழில் எனக்கு அது கிடையவே கிடையாது. ஆங்கிலத்தில்தான் முதலில் தெரிந்துகொண்டேன். அதனால் நேராக ஆங்கிலத்திலேயே வந்தது. ஆக, வேலை சம்பந்தப்பட்ட பேச்சில் முதலில் தமிழ் விலகியது. அதற்கப்புறம் பாங்கு, பிறகு கணினி. இருபத்தைந்து வருஷம் தாண்டியும் கோபமும் கணக்கும் எனக்குத் தமிழில்தான். பில்லைக் கூட்டும்போது உதடு ‘ஏழும் எட்டும் பதினஞ்சு’ என்றுதான் அசைகிறது. அதையும் டெலிட் பண்ணணுமா சார்?

நம்ம ஊருக்கு வந்த கால்டுவெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1838-ல் சென்னையில் இறங்கி, தமிழ் படித்து, அங்கிருந்து பெரும்பாலும் நடந்தே வந்து, 1841-ல் இடையன்குடியில் குடியேறினார். வழியெல்லாம் ஜனங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்த மனுஷன். அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அச்சானது 1856-ல். அவர் தமிழ் பேச ஆரம்பித்த நாளில் எத்தனை தப்பு விட்டிருப்பார்? அதைக் கேட்டு நம் பாட்டன் பூட்டன் மேடை போட்டுச் சிரித்தானா? (சிரித்திருந்தாலும் தோளில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டிருப்பான்.) கற்றுக்கொள்கிறவன் பேசும் இந்த நடுவாந்திரப் பேச்சுக்கு லாரி செலிங்கர் என்ற மொழியியலாளர் 1972-லேயே ‘இன்டர்லாங்குவேஜ்’ என்று பேர் வைத்துவிட்டார். அந்தப் பேச்சுக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு, எல்லாரும் கடக்கிற படி அது. காசு வாங்கிப் பயிற்சி கொடுப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஓ, இலவசப் பயிற்சி. மறந்துவிட்டேன்.

‘அப்போ தப்பாகவே பேசட்டும் என்கிறீரா?’ என்று ஒருத்தர் இன்பாக்ஸில் கேட்டார். இல்லை ஐயா. ‘கோ அண்ட் கம்’ வெள்ளைக்காரன் சொல்கிற மாதிரி இல்லைதான். ‘சீ யூ’ என்று சொல்லலாம் தாயி என்று காதோடு சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

‘உம் பிள்ளையை மட்டும் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுட்டு ஊருக்கு நியாயம் பேசாதீரும்’ என்பது அடுத்தது. போட்டிருக்கிறேன். ஆமாம். நான் பட்ட பாடு அவள் பட வேண்டாம் என்று போட்டேன். தப்பா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று, அன்றைக்கு அவளும் சிரித்தாள். பஸ்ஸில் கேட்டதற்கு “எல்லாரும் சிரிச்சாங்கப்பா” என்றாள். வண்ணார்பேட்டை வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பிள்ளை அப்படி என்னத்தை மொழிபெயர்த்தது? நம்ம பக்கம் வாசலில் நின்று ‘போறேன்’ என்று யாராவது சொல்லியிருக்கிறோமா? வாய் தவறிச் சொன்னால் ஆச்சி விடுவாளா? “போயிட்டு வாறேன்னு சொல்லுட்டி” என்று திரும்ப அழைத்துச் சொல்ல வைப்பாள். தனக்குத் தெரிந்த மரியாதையைத்தான் அந்தப் பிள்ளை பயிற்சியாளருக்கு அவர் மொழியில் கொடுத்தது. அதற்குக் கிடைத்தது ‘கம் ஒய்?’ நியாயந்தானே, ஏன் வரணும்? மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தப் பிள்ளை வரவும் இல்லை.

வீடியோவில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் அப்பா என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, மடியில் மஞ்சப்பை. எல்லாரும் சிரித்ததால் அவரும் சிரித்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, “பிள்ள நல்லாப் பேசுதா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

நல்லாப் பேசுது என்றேன்.