ஒரு தோட்டத்துக்கு ஓர் ஆயுள்

பெங்களூரின் லால்பாக் தோட்டம் பற்றிப் பேச்சு வந்தால் ஹைதர் அலி, திப்பு சுல்தான் என்று ஆரம்பித்து கண்ணாடி மாளிகையில் முடித்துவிடுகிறோம். 1760-இல் ஹைதர் போட்ட அடித்தளம் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு நாம் நடக்கிற லால்பாக்கை உருவாக்கியவர்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த தோட்டக் கண்காணிப்பாளர்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகல்.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் லோமன் என்ற ஊரில் 1865-இல் பிறந்தவர். தோட்டக்கலை படித்து, லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, 1893-இல் பரோடா சமஸ்தானத்துக்கு வந்தார். 1908-இல் மைசூர் சமஸ்தானம் அவரை அழைத்துக்கொண்டது. 1932 வரை லால்பாக் அவர் பொறுப்பில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. 1956-இல், 90 வயதில், பெங்களூரிலேயே இறந்தார்.

மார்ச் மாதம் பெங்களூரில் ஜகரண்டா மரத்தடியில் ஓர் ஆட்டோவை ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். மேற்கூரை முழுக்க ஊதாப் பூ. அது உதிர்ந்து முடிவதற்குள் இன்னொரு தெருவில் குல்மோகர் சிவக்கத் தொடங்கிவிடும், அப்புறம் இன்னொன்று மஞ்சளாகும். ஒரு மரம் ஓயும்போது அடுத்தது பூக்கும்படி, வருடம் முழுக்க ஊரில் எங்காவது பூ இருக்கும்படி மரங்களைத் தேர்ந்து நடுவது என்பது கிரும்பீகல் இந்த ஊருக்குக் கொடுத்த யோசனை. (இப்போது எல்லோரும் போட்டோ எடுத்துப் போடுகிற இளஞ்சிவப்பு டபிபூயா மரங்களில் பல 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் காலத்தில் நட்டவை. எல்லாப் பெருமையும் ஒருவருக்கே என்று நான் சொல்லவரவில்லை.)

கேட்க அழகான யோசனைதான். செய்வது லேசில்லை. எந்த மரம் எந்த மாதம் இலை உதிர்க்கும், வேர் நடைபாதையைப் பெயர்க்குமா, கோடை மழைக் காற்றுக்குக் கிளை முறியுமா, இந்த மண்ணில் எவ்வளவு உயரம் போகும் என்று ஒவ்வொன்றும் தெரிந்திருக்கவேண்டும். அதைவிட முக்கியமாக, நட்ட கன்று முதல் பூ விடவே பல வருடம் ஆகும். தப்பான மரத்தை வைத்துவிட்டோம் என்பது அதற்கப்புறம்தான் தெரியும். அதுவரை நட்டவர் அங்கே இருக்கவேண்டாமா?

நான் சொல்லவந்தது இதுதான். ஒரு தோட்டம் நன்றாக வருவதற்குப் பணத்தைவிட, அங்கேயே இருக்கிற ஒரு மனிதர் வேண்டும். கிரும்பீகலுக்கு முன்னால் ஜான் கேமரூன் 1874-லிருந்து 1908 வரை இருந்தார். நம் வீட்டுக் கூட்டிலும் சாம்பாரிலும் போடுகிற சௌசௌவை பெங்களூருக்குக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பார்கள். கிரும்பீகலுக்குப் பிறகு ஜவராயா. 1951-இல் மரிகவுடா வந்து, 1974 வரை தோட்டக்கலைத் துறையைக் கட்டி எழுப்பினார். நூறு வருடத்தில் நினைவில் நிற்கிற பெயர்கள் நாலு. லால்பாக் லால்பாக்காக இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த நால்வரோடு இன்னொரு கூட்டத்தையும் சொல்லவேண்டும். குழி வெட்டியதும் பதியன் போட்டதும் தண்ணீர் ஊற்றியதும் தோட்டக்காரர்கள். தமிழ் வேர் உள்ள திகளர் சமூகத்தினர் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தொழிலில் இருப்பவர்கள். ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த ஒருவருக்கு இந்தச் செம்மண்ணின் குணத்தைச் சொல்லிக்கொடுத்தது அவர்களைப் போன்றவர்களின் கைகளாகத்தான் இருக்கவேண்டும். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

கிரும்பீகலின் மனைவி இங்கிலாந்துக்காரர். உலகப்போர் வந்தபோது, ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக ஆங்கிலேய அரசு அவரைக் காவலில் வைத்தது. மனைவியின் நாடு கணவனை எதிரி என்கிறது. அந்த வீட்டில் அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தால் மனசு கனத்துவிடுகிறது. அவ்வளவு பட்ட பிறகும் இந்த ஊர் வேண்டாம் என்று அந்த மனிதர் கிளம்பிவிடவில்லை. வேலையில் மூழ்கியவர்கள் வீட்டைக் கவனிக்கமாட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். இவர் அப்படி இல்லை போலிருக்கிறது. ஓசூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த அவர் சமாதியைச் சீர்செய்ய முன்வந்தது யார் தெரியுமா? இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய கொள்ளுப்பேத்தி. மூன்று தலைமுறை தாண்டியும் ஒரு பெண் கடல் கடந்து வந்து தாத்தாவுக்கு இதைச் செய்கிறார் என்றால், அந்த வீட்டில் அவரைப் பற்றி அன்பாகப் பேசிப் பேசி வளர்ந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

நாம் என்ன செய்தோம்? லால்பாக்கை ஒட்டி ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது, நல்லது. தோட்டத்துக்குள் அவர் பெயரில் இருந்த பழைய மண்டபம் பராமரிப்பில்லாமல் 2017-இல் இடிந்து விழுந்தது. சாலையோரத்து முதிர்ந்த மரங்கள் மெட்ரோவுக்கும் மேம்பாலத்துக்கும் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒன்றுக்குப் பத்து கன்று நடுவோம் என்கிறார்கள். சரி, நடுங்கள். அந்தப் பத்தும் பிழைத்ததா என்று ஆறாவது வருடம் போய்ப் பார்க்கப்போவது யார்? நட்ட அதிகாரி அதற்குள் இரண்டு ஊர் மாறியிருப்பார்.

சிலை வைக்கச் சொல்லவில்லை, விழா எடுக்கவும் சொல்லவில்லை. பெங்களூரோ சென்னையோ கோவையோ, ஊருக்கு ஒரு பெரிய பூங்காவையாவது தேர்ந்தெடுங்கள். மரம் தெரிந்த ஒருவரைக் கண்காணிப்பாளராகப் போடுங்கள். குடும்பத்தோடு பக்கத்திலேயே குடியிருக்க ஒரு நல்ல வீடு கொடுங்கள். பிள்ளைகளை ஒரே பள்ளியில் படிக்கவைக்கிற நிம்மதி அவருக்கும் வேண்டும். பதினைந்து வருடத்துக்கு அவரை மாற்றாதீர்கள். யார் சிபாரிசு வந்தாலும் மாற்றாதீர்கள்.