மீட்டரைக் குறைப்பது குற்றம் இல்லையா?

பழைய வண்டியை, ஓடிய தூரம் காட்டும் மீட்டரில் "கிலோமீட்டரைக் குறைத்து விற்றால் நம் நாட்டில் கேஸே கிடையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. அமெரிக்காவில் இருப்பதுபோல மீட்டருக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை, அவ்வளவுதான். 1,20,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியை 48,000 என்று காட்டிப் பணம் வாங்கினால் அது மோசடி. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), ஏழு ஆண்டு வரை சிறை. விற்றவர் டீலர் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு வருடத்துக்குள். தெரிந்தவர் தன் சொந்த வண்டியை விற்றிருந்தால் அந்த வழி கடினம், போலீஸோ சிவில் கோர்ட்டோதான்.

அப்புறம், "டிஜிட்டல் மீட்டர், கண்டுபிடிக்கவே முடியாது" என்பதும் தப்பு. பல வண்டிகளில் கிலோமீட்டர் கணக்கு மீட்டரில் மட்டுமல்ல, வண்டியை இயக்கும் வேறு கன்ட்ரோல் யூனிட்டிலும் (சின்னக் கம்ப்யூட்டர்) பதிவாகிறது. மீட்டரை மட்டும் குறைத்திருந்தால், அதைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி வேறு இருக்கிறது.

என் மச்சான் வாங்கிய டீசல் காரில் மீட்டர் 52,000. பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது (அதைப் பார்த்தும் வாங்கினார், அது வேறு கதை). ஒரு லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டை (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் பெல்ட்) மீட்டரை நம்பி விட்டுவைத்தார். பைபாஸில் போகும்போது அறுந்து, வால்வெல்லாம் வளைந்து, எஞ்சினையே இறக்க வேண்டியதாயிற்று. விற்றவர் போனையே எடுக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் போனதும் மறுநாளே அவராகக் கூப்பிட்டார்.