கொத்மலைக்குத் தண்ணீர் வற்றியபோது போங்கள்

இலங்கை மலையகத்தில், கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு மேலே நிற்கிற மகாவலி மகாசாய என்ற பௌத்தத் தூபிக்கு எப்போது போகலாம் என்று யாரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: மழை விட்டபிறகு, நீர்த்தேக்கம் நிரம்பி இருக்கும்போது போங்கள், படம் அருமையாக வரும். நான் நேர்மாறாகச் சொல்வேன். மழை பொய்த்து, தண்ணீர் இறங்கி, கரையெல்லாம் செம்மண் தெரிகிற நாளாகப் பார்த்துப் போங்கள்.

அந்தத் தூபி அங்கே எழும்பியதே தண்ணீருக்குள் போனவற்றை நினைத்துத்தான். துரித மகாவலித் திட்டத்தில் சுவீடன் உதவியோடு கொத்மலை ஓயா என்ற ஆற்றை மறித்து 87 மீட்டர் உயர அணை கட்டினார்கள். 1979இல் தொடங்கி 1985இல் முடித்துவிட்டார்கள். பள்ளத்தாக்கின் வயல், வீடு, ஊர்ப் பன்சலை (பௌத்த விகாரை) எல்லாம் முழுகின. முழுகிய விகாரைகளுக்கு ஈடாக ஒரு பெரிய தூபி என்று 1983இல் வேலை ஆரம்பமானது. திறந்தது 2016இல். அணைக்கு ஆறு வருடம், ஈடு கட்ட முப்பத்து மூன்று வருடம். 201 மெகாவாட் மின்சாரத்துக்கு இருந்த அவசரம் நினைவுச் சின்னத்துக்கு இருக்கவில்லை, என்ன செய்ய!

கட்டடம் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்கவின் வடிவமைப்பு. அநுராதபுரத்துத் தூபிகளைப் போலச் செங்கல்லை அடைத்துக் கட்டியதல்ல. உள்ளே கூடான கொங்கிரீட். களுத்துறைத் தூபியும் அவருடையதுதான். மேலே காற்று அடிக்கிற அடியில் சேலை முந்தானையும் பௌத்தக் கொடியும் ஒரே திசையில் படபடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் வெயிலில் கால் பொரியும், அது தனி.

நான் போனபோது வறண்ட வலயத்துக் கலாவெவ பக்கமிருந்து ஒரு வான் நிறையப் பெரியவர்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் வெள்ளை உடுப்பு. அதில் ஒரு அம்மா பூத்தட்டைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, தூபிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பி வேலி ஓரம் நின்றார். என்னைப் பார்த்துச் சிங்களத்தில், "மகன், அந்தத் திட்டுத் தெரியுதா? அதுக்குக் கீழ எங்க வயல். மேல் வரம்பில ஒரு பீலி இருந்தது, அதில்தான் குளிப்போம்" என்றார். பேத்தி போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கிருந்து கிளப்பப்பட்டவர்களில் கொஞ்சப் பேர் சுற்றுவட்டாரத்துத் தேயிலைக் காணிகளில் தங்கினார்கள். மிச்சப் பேருக்கு வறண்ட வலயத்தில் இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுக் காணியும். குளிர்ந்த மலையில் பிறந்தவர்களை வெயிலுக்கும் மலேரியாவுக்கும் யானைக்கும் நடுவில் இறக்கிவிட்டார்கள். அணையைப் பற்றிய பெருமைப் பேச்சுகளில் இந்தப் பகுதி ஒரு வரிகூட வராது.

தண்ணீர் இறங்கினால் கடதொர விகாரையின் இடிந்த சுவர்களும் கரைந்துபோன புத்தர் சிலையும் வெளியே வரும். அதைப் பார்த்துவிட்டு அண்ணாந்து மகாசாயவைப் பாருங்கள். ஊருக்கு ஒன்றாக இருந்தவற்றுக்கு மலையுச்சியில் ஒரே ஒரு பெரிய தூபி ஈடாகுமா? எனக்கு ஆகும் என்று தோன்றவில்லை. பன்சலை என்றால் சாமி கும்பிட மட்டுமா? போயா என்கிற பௌர்ணமி நாளில் பக்கத்து வீட்டாரோடு நடந்து போகிற இடம் அது.

தமிழர்களான நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இறம்பொடை அனுமன் கோவில் முற்றத்தில் நின்று இதே தண்ணீரைப் பார்க்கிறோம். எதிரே வெள்ளையாகத் தெரிவது "அவர்களுடையது" என்று திரும்பிவிடுகிறோம். மலையகத்தின் இன்னொரு நீர்த்தேக்கமான மவுஸாகலையில் என்ன நடந்தது? 1969இல் பழைய மஸ்கெலியா நகரமே முழுகியது. வரட்சி வந்தால் அங்கேயும் கோவில், விகாரை, பள்ளிவாசல் மூன்றின் இடிபாடுகளும் சேர்ந்துதான் வெளியே வருகின்றன. பார்க்க நாமும்தான் கூட்டமாய் ஓடுகிறோம். ஊர் இழந்த கதை நமக்குப் புதிதா?

மகாசாய மேட்டில் முழுகிய ஊர்களின் வரைபடம் ஒன்று என் கண்ணில் படவில்லை. எந்த ஊர் எந்தத் திட்டுக்குக் கீழே, யாருடைய பன்சலை எங்கே என்று சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு பலகை போதும், பெரிய செலவில்லை. அந்த அம்மாவைப் போன்றவர்கள் கைகாட்டிச் சொல்ல இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். மவுஸாகலைக் கரையிலும் அப்படி ஒன்று வைக்கலாம்.