கூரையை வெட்டினால் பரண் தீ அடங்காது

"அமெரிக்காவின் பழைய மரவீடுகளில் கூரைப் பரண் தீப்பிடித்தால் முதலில் கூரையை வெட்டித் திறக்க வேண்டும், சூடு வெளியேறித் தீ தானாக அடங்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. சூடு வெளியேறும், ஆனால் கூடவே காற்றும் உள்ளே போகும். மூடிய பரணில் எரியும் தீ பெரும்பாலும் காற்றுக்குத் திணறிக்கொண்டிருக்கும். தண்ணீர் விழும் முன்பே ஓட்டை போட்டால் சீறி எழும். பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூஎல் நிறுவனத்தின் தீயணைப்பு ஆய்வாளர்கள் பரண்களைக் கட்டி எரித்துப் பார்த்து, 2014-இல் அறிக்கையே வெளியிட்டார்கள். இறவாரத்தின் (சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பின்) அடிப்பலகையைப் பெயர்த்து, கூரைச் சட்டங்களின் இடைவெளி வழியே மேல்நோக்கித் தண்ணீர் அடிப்பது அதில் நல்ல பலன் தந்தது.

இன்னொன்றை அவர் சொல்லவே இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பல வீடுகள் 'பலூன் ஃபிரேம்' கட்டுமானம். சுவரின் மரச்சட்டங்கள் அடித்தளத்திலிருந்து கூரைவரை ஒரே நீளம், நடுவில் தடுப்பே கிடையாது. நிலவறையில் பிடித்த தீ சுவருக்குள்ளேயே ஏறிப் பரணில் தலைகாட்டும். அப்போது மேலே ஓட்டை போட்டால் வீடே புகைபோக்கிதான். ஆகவே பரணில் புகை கண்டால் நிலவறையையும் பார்க்க வேண்டும்.

கூரையை வெட்டவே கூடாது என்பதல்ல. தண்ணீர் தீயைத் தொட்ட பிறகு, அதற்கு ஒத்திசைவாக வெட்டலாம்.