எஞ்சினை அணைத்துக் கிளப்பினால் அதிக பெட்ரோல் செலவாகுமா?

"வண்டி நிற்கும்போது எஞ்சினை அணைக்காதீர்கள். மறுபடி ஸ்டார்ட் செய்ய, 5 நிமிடம் ஓடும் அளவு பெட்ரோல் செலவாகும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பழைய கருவியான கார்புரேட்டர் இருந்த காலத்தில் இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. சோக்கை இழுத்து, ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்துக் கிளப்பியதில் பெட்ரோல் வீணானது. இப்போது எஞ்சினுக்குள் இன்ஜெக்டர் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. சூடான எஞ்சினை மறுபடி கிளப்ப ஆகும் எரிபொருள், சுமார் 10 விநாடி சும்மா ஓடும் செலவுதான். நின்றபடி ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் குடிக்கும் காரில் அது 3 மில்லிகூட இல்லை. 5 நிமிடம் ஓடவிட்டாலோ 80 மில்லிக்கு மேல். ஏசி போட்டிருந்தால் இன்னும் கூடும்.

"காலையில் 10 நிமிடம் சூடாக்க வேண்டும்" என்பதும் பழைய பழக்கம்தான். அரை நிமிடம் போதும். பிறகு முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி சரியாக வேலை செய்யச் சில நூறு டிகிரி வெப்பம் வேண்டும். நின்றபடி ஓடும் எஞ்சினில் அது மெதுவாகத்தான் சூடேறும். அதுவரை கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் அப்படியே வெளியேறும். பள்ளி வாசலில் காத்திருக்கும் வண்டிகளை நினைத்துப் பாருங்கள்: பெரியவர்களைவிடக் குழந்தைகள் மூச்சு விடும் உயரம் புகைக்குழாய்க்கு அருகில். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து.

விதிவிலக்குகளும் உண்டு. ஊர்ந்து நகரும் நெரிசலில் அணைக்க வேண்டாம். பேட்டரி பலவீனமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். டர்போ எஞ்சினை வேகமாக ஓட்டியோ மேடேறியோ வந்தால், ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைக்கவும்.