டெலிட் பண்ணா மட்டும் பத்தாது
பழைய மெயிலை டெலிட் பண்ணாலே அவுட்லுக் வேகமாயிடும்னு எழுதியிருக்கீங்க, பாதிதான் சரி. டெலிட்டட் ஐட்டம்ஸை காலி பண்ணாலும் பிஎஸ்டி ஃபைல் (அவுட்லுக் உங்க மெயிலை கம்ப்யூட்டர்ல சேத்து வைக்கிற ஃபைல்) சைஸ் உடனே குறையாது, அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல டேட்டா ஃபைல்ஸ் போய் அந்த ஃபைலோட செட்டிங்ஸ்ல காம்பாக்ட் நவ் (காலி இடத்தை நீக்கி ஃபைலைச் சுருக்குற பட்டன்) கொடுக்கணும், பெரிய ஃபைல்னா ரொம்ப நேரம் ஓடும் பொறுமையா இருங்க. இன்னொரு மெயில் சாஃப்ட்வேரான தண்டர்பேர்டும் இதே கதைதான், ஃபோல்டரை காம்பாக்ட் பண்ற வரைக்கும் அழிச்ச மெயில் உள்ளயே உக்காந்திருக்கும். அவுட்லுக் 2010லேந்து ஒரு பிஎஸ்டி ஃபைல் 50 ஜிபி வரை தாங்கும்தான், அதுக்காக ரொப்பணுமா என்ன? பழைய மெயிலை வருஷத்துக்கு ஒரு ஆர்க்கைவ் ஃபைலா (தனி பிஎஸ்டியா) பிரிச்சு வைங்க, ஆனா நெட்வொர்க் டிரைவ்ல வச்சு நேரா ஓபன் பண்ணாதீங்க, கரப்ட் ஆக சான்ஸ் இருக்கு. ஐமேப் அக்கவுண்ட்னா (மெயில் சர்வர்லயே இருந்து போன், கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் தெரியுற வகை) இன்னொன்னு, அந்த ஆர்க்கைவ் ஃபைலுக்கு மூவ் பண்ற மெயில் சர்வர்லேந்தும் போயிடும், அப்புறம் போன்ல தேடினா கிடைக்காது.