தினம் ஓடுற கெப்புக்கு லொக்கர் வேணுமா?

கெப் வச்சிருக்கிற எல்லாரும் கண்ண மூடிட்டு லொக்கர், அதான் பின் ரெண்டு சில்லையும் பூட்டி ஒண்டாச் சுத்த வைக்கிற சாமான், போடுங்க எண்டு கட்டுரைல எழுதியிருக்கீங்க, எனக்கு அது சரிவரேல்ல. நான் திருகோணமலை, நிலாவெளிப் பக்கம் மீன் பெட்டி ஏத்துற பழைய கெப் ஒண்டு ஓட்டுறன். முந்தி அதில தானாப் பூட்டித் தானா விடுற ஓட்டோ லொக்கர்தான் கிடந்தது, டவுனுக்குள்ள முடக்கில திருப்பேக்க பின்னால கடக் கடக் எண்டு சத்தம், ஏறியிருக்கிற ஆக்கள் என்னவோ உடைஞ்சு போச்செண்டு இறங்கப் பாப்பாங்க, மாரி மழைல ஈர றோட்டில பின்பக்கம் வேற ஒரு பக்கமா இழுக்கும்.

பிறகு கிளச் வச்ச எல்.எஸ்.டி மாத்தினன், அது சில்லுகள முழுசாப் பூட்டாம, ஒண்டு சும்மா சுத்தினா மற்றதுக்கும் கொஞ்சம் இழுவை குடுக்கிற சாமான். சத்தமில்ல, ஆனா அதுக்கெண்டு வாற ஒயில்தான் ஊத்தோணும், கண்ட கியர் ஒயிலையும் ஊத்தினா வளைவில நடுங்கும், உள்ள இருக்கிற கிளச் தட்டுகளும் நாள்பட தேயும். கிளச் தட்டில்லாம பல்லுச் சக்கரத்தால வேலை செய்யிற கியர் டைப் எல்.எஸ்.டிக்கு அந்தத் தேய்மானம் இல்ல, ஒரு சில்லு அந்தரத்தில நிண்டா மட்டும் கைய விரிச்சிரும், பிரேக்க லேசா அமத்தினா மற்றச் சில்லுக்குக் கொஞ்சம் இழுவை வரும்.

மணல்ல புதைஞ்சா லொக்கர்தான் ராசா, மறுக்கேல்ல, ஆனா சுவிட்ச்ல போட்டு எடுக்கிறதா பாத்து வாங்குங்க. அதுக்கும் முதல் ரயர் காத்த 18 பி.எஸ்.ஐக்கு இறக்கிப் பாருங்க, எனக்கு பாதி நாள் அதிலயே வெளிய வந்திரும், றோட்டுக்கு ஏறினதும் திருப்பி அடிக்க மட்டும் மறந்திராதீங்க.